தண்ணி கேட்டாரான்னு

இதுவரைக்கும் எத்தினி பேருகிட்டக்கா கேட்டீங்க? டீக்கடையில கேட்டீங்க. ரேஷன் கடை வாசல்ல கேட்டீங்க. பிரசிடெண்ட் வீட்ல உக்கார வெச்சி காப்பி குடுத்தாங்க, அந்தக் காப்பியத் தொடாமயே கேட்டீங்க. "எங்கப்பா தண்ணி கேட்டாரா?" எல்லாரும் ஒரே பதிலு. "இல்லம்மா, பெரியவரு நோன்பிருந்து நிம்மதியாப் போய்ட்டாரு, தண்ணி கேக்கல." ஒரு வார்த்தை முன்ன பின்ன இல்ல. எங்க ஊர்ல புருசனும் பொண்டாட்டியும் சேந்து அவங்க கல்யாணத் தேதிய ஒரே மாரி சொல்ல மாட்டாங்கக்கா. இது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அதுலயே உங்களுக்கு சந்தேகம் வந்திருக்கும்.

இப்ப என்கிட்டயும் கேட்டுட்டீங்க. மலை மேல இட்டுக்கினு போ, அந்த எடத்துல நின்னு சொல்லுன்னீங்க. போலாம். எனக்கு இன்னா வேல வெட்டியா? பாத்து, அந்தப் படி ஆடும். எடது பக்கமா கால வைங்க. தண்ணி வோணுமா? கடையில வாங்குனதுதான், மூடி கூட தெறக்கல. வேணாமா? சரி.

என் பேரு தணிகாசலம். கீழ போயி அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா யாருன்னு முழிப்பானுங்க. புருடான்னு கேட்டா கொழந்த கூட கை காட்டும். டிப்ளமோ ரெண்டாவது வருஷத்துல விட்டுட்டன். விட்டுட்டன்னா, காலேஜு என்ன விட்டுச்சி, நானும் பெருந்தன்மையா அத விட்டுட்டன். அப்பால ஒரு ஒர்க்‌ஷாப்பு, ஒரு செல்போன் கடை, எங்கயும் மூணு மாசம் தாண்டல. அப்பறம்தான் இந்த இடிமடம். வர்றவங்கள மேல இட்டுக்கினு போயி சுத்திக் காட்றது. எவனும் என்ன வேலைக்கு வெக்கல, நானே வெச்சிக்கினன்.

உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க ஆளுங்க கட்டுனது. ஆயிரம் வருஷத்துக்கு முன்ன சமணச் சாமியாருங்க இருந்த மடம். இப்ப மண்டபத்துல நாலு தூணு நிக்கிது, ரெண்டு சாஞ்சிக்கினு நிக்கிது, மீதி தூணுங்க எங்க ஊர்ல மாட்டுக்கொட்டாயில நிக்கிது. தோ, அந்த செல. தல இல்ல பாருங்க. வர்றவன்லாம் தல எங்கடான்னு கேப்பான். "என்ன மாரியே டிப்ளமோ படிக்கப் போச்சி, இன்னும் திரும்பல"ன்னு சொல்லுவன். சிரிப்பானுங்க. நீங்க சிரிக்கல. பரவால்ல. உங்கப்பாவும் சிரிச்சதில்ல.

உங்கப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்க்கா, எங்க ஊர்ல நயினாருன்னுதான் சொல்லுவோம். மாசத்துக்கு ஒரு வியாழக்கெழம வருவாரு. மொத பஸ்ஸுல எறங்கி, மஞ்சப்பை ஒண்ணு, வெளக்கமாறு ஒண்ணு, அந்த செம்பு பாட்டிலு, வாயில வெள்ளத் துணி கட்னது. வடிகட்டாத தண்ணி குடிக்க மாட்டாராமே. வந்தாருன்னா உள்ள குகையில அந்த அஞ்சு கல்லுப் படுக்கை இருக்குது பாருங்க, சாமியாருங்க படுத்தது, கல்லுலயே தலகாணியோட, அதப் பெருக்குவாரு. பீர் பாட்டிலு பொறுக்குவாரு. பாதி பாட்டிலு எங்க செட்டு போட்டது. அது அவருக்கும் தெரியும். வாயத் தெறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல, என்ன ஒரு பார்வ பாப்பாரு, அவ்ளதான். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரு பார்வ. தப்பு அட்ரஸ் எழுதுன கவர பாக்கற மாரி.

என்னத் தணிகாசலம்னு முழுப் பேரு சொல்லிக் கூப்ட்டது அவரு ஒருத்தர்தான். இதக் கூடச் சொல்லக் கூடாதுன்னு இருந்தன்.

சண்ட எங்களுக்கு எதுலன்னா, நான் உட்ட கதையில. அத மொதல்ல சொல்லணும், இல்லன்னா மத்தது எதுவும் வெளங்காது. ரெண்டு வருஷம் முன்ன ஒரு பையன் கேமராவத் தூக்கிக்கினு வந்தான், யூடியூப்ல போடறவன். தூணக் காட்னன், செலயக் காட்னன், படுக்கையக் காட்னன். கொட்டாவி உட்டான். "வேற ஏதாவது இருக்கா ப்ரோ, பயங்கரமா?"ன்னான். எனக்கு ஒரு வேகம். உட்டன் பாருங்க. "இந்தப் படுக்கையில ஒரு சாமியாரு வடக்கு பாத்து உக்காந்து சோறு தண்ணி எல்லாத்தயும் விட்டாரு. நாப்பதாவது நாளு பெத்த தாயி மனசு கேக்காம ஒரு கை தண்ணி குடுத்தா. அவரும் குடிச்சிட்டாரு. அன்னிக்கே ஊரு ஏரி வத்திப் போச்சி, ஏழு வருஷம் மழையில்ல. அதுலருந்து இங்க நோன்பிருக்கறவங்களுக்கு எவன் தண்ணி குடுத்தாலும் ஏரி வத்திடும்." அப்டியே நின்னுக்கினே செஞ்சதுக்கா. டீ ஆத்தற நேரம் கூட ஆவல.

நாலு லட்சம் பேரு பாத்தாங்க. எங்க ஊரே பாத்துச்சி. ஆறு மாசம் கழிச்சி நெல்லு மிஷின் ராமலிங்கம் தாத்தா என்ன நிறுத்தி வெச்சி அதே கதைய எனக்கே சொல்றாரு. "எங்க தாத்தா சொல்லக் கேட்டிருக்கறன்டா"ன்றாரு. நான் இன்னா சொல்றது? "அப்டியா தாத்தா, தெரியாமப் போச்சே"ன்னு கேட்டுக்கினன். பின்ன எங்க ஏரி வருஷா வருஷம் வறண்டுதான் கெடந்துச்சி. அதுக்கு ஒரு காரணம் வேணும்ல? மணலு வாருனவன்தான் காரணம்னா அவன் வீட்டுக்குப் போயி நிக்கணும். இது சுளுவு.

உங்கப்பா மட்டும்தான் புடிச்சிக்கினாரு. "எந்த நூல்லடா இருக்குது தணிகாசலம்?" வெளக்கமாத்த ஊணிக்கினு நின்னாரு. "சல்லேகனைன்றது, சாப்பாட விட்டு உயிர விடற நோன்பு, ஒருத்தன் தானாப் போயி உக்காந்துக்கற சமாச்சாரமில்ல. குரு அனுமதிக்கணும், குடும்பம் ஒத்துக்கணும். தண்ணிதான் கடைசியா விடறது. தாகம்னு கேட்டா குடுத்துடணும். ஏரி வத்துமாம், ஏரி." நான், "சார், நெசத்துக்கு வியூஸ் வராது சார்"ன்னன். திரும்பிப் பெருக்க ஆரம்பிச்சிட்டாரு.

கேட்டா குடுத்துடணும். அதச் சொன்னாரு. தெளிவா. என் காதுல உழுந்துச்சி.

உக்காருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோங்க. இன்னும் அம்பது படிதான். தண்ணி? சரி, நான் கேக்கல.

அந்த வியாழக்கெழம பெங்களூருலருந்து ரெண்டு பேரு வந்தாங்க, புருசன் பொண்டாட்டி. மத்தியானம் மூணு இருக்கும். குகைக்குள்ள போறன், உங்கப்பா நடுப் படுக்கையில, பாறையில முதுகு சாச்சி, கால நீட்டிக்கினு உக்காந்திருக்காரு. மூஞ்சி வடக்க. கண்ணு தெறந்திருக்குது. "சார், வணக்கம்"ன்னன். பேசல. வாயி ஒரு பக்கமா இழுத்து சிரிக்கற மாரி இருந்துச்சி. நான் இன்னாத்தக் கண்டன்? அந்தச் செலைங்க மொகத்துலயும் அப்டித்தான ஒரு பாதிச் சிரிப்பு இருக்கும். செம்பு பாட்டிலு ரெண்டு மொழம் தள்ளி உருண்டு கெடந்துச்சி.

பெங்களூருக்காரு என்னப் பாத்து, "இவரு நோன்பு இருக்கறாரா? நீங்க வீடியோவுல சொன்னீங்களே, அந்த மாதிரியா?"ன்னாரு. அந்தம்மா அதுக்குள்ள செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டுட்டாங்க. நான் "ஆமா"ன்னன். யோசிக்கல்லாம் இல்லக்கா. எனக்கு ஆமா மொதல்ல வரும், யோசன அடுத்த பஸ்ஸுல வரும்.

அவங்க வீடியோ எடுத்துக்கினு எறங்கிட்டாங்க. நான் மட்டும் நின்னன். அப்பதான் உங்கப்பா எடது கையத் தூக்குனாரு. கட்டை வெரல வாய்க்கு நேரா காட்னாரு. இப்டி. ரெண்டு வாட்டி.

கொஞ்சம் இருங்கக்கா. நான் மொறையா வரன்.

அந்த நேரத்துல அவரு மஞ்சப்பையில போன் அடிச்சிச்சி. எடுத்துப் பாத்தன். பேருல 'பாப்பா'ன்னு இருந்துச்சி. அது நீங்கன்னு இப்பத் தெரியுது. அப்ப எனக்கு எவளோ ஒரு பாப்பா. எடுக்கல. ஏன்னா, குடும்பத்துக்காரங்க வந்தா எறக்கிக்கினு போய்டுவாங்க, நோன்பு கெட்டுடும், பாவம் பெரியவருன்னு. நெசமாலுமே அப்டித்தான் நெனச்சன்! திரும்பத் திரும்ப அடிச்சிச்சி. குகைக்குள்ள அந்தச் சத்தம் நல்லா இல்ல. ஆஃப் பண்ணி உள்ள வெச்சிட்டன். பாட்டிலயும் எடுத்து, மாடு கீடு தட்டிடப் போவுதுன்னு மேல அந்த மாடத்துல பத்தரமா வெச்சன். அவரு கண்ணு பாட்டிலோடயே மேல போச்சி.

பதினோரு வாட்டி பண்ணீங்களா. எனக்குத் தெரியாதுக்கா. நான் எண்ணல.

கீழ வந்து டீக்கடையில சொன்னன். "நயினாரு நோன்பு உக்காந்துட்டாரு." மொதல்ல, "போடா புருடா"ன்னானுங்க. அதுக்குள்ள பெங்களூருக்காரு வீடியோ வந்துடுச்சி. போன்ல பாத்தானுங்க. பாத்துட்டு என்னப் பாத்தானுங்க. அந்தப் பார்வ இருக்குதே. இருவத்திரெண்டு வருஷத்துல நான் சொன்னது ஒண்ணு நெசமாயிட்ட மொத நாளு அது. பிரசிடெண்ட் வீட்டுக்காரரு பலராமன், என்னக் கண்டா நாய வெரட்ற மாரி வெரட்றவரு, பக்கத்துல உக்கார வெச்சிக்கினு, "தணிகை, இன்னான்னா மொறை இருக்குது, நீ சொல்லு"ன்னாரு. நான் சொன்னன். பூவு போடலாம், சூடம் காட்டலாம், தொடக் கூடாது, பேச்சுக் குடுக்கக் கூடாது. எல்லாம் அங்கயே செஞ்சது. பழக்கம்தான?

வெள்ளிக்கெழம காலையில ஊரே மேல வந்துடுச்சி. பக்கத்து ஊரு மூணு. நான் வரிசையில உடறன். என் சொல்லுக்கு நிக்கிறாங்க, நகர்றாங்க. எங்கம்மா கூட வந்து நின்னுது. என்னப் பாத்து அதுக்குக் கண்ணு கலங்குது, பெருமையில. உங்கப்பா எடது கையத் தூக்குவாரு, ஆசீர்வாதம்னு அத்தினி பேரும் குனிவாங்க. எடது கையால எவன்க்கா ஆசீர்வாதம் பண்ணுவான்? இருநூறு பேருல ஒருத்தன் கேக்கல. ஊ ஊன்னு ஒரு சத்தம் வந்துச்சி. மந்திரம் சொல்றாருன்னாங்க. யாரு சொன்னாங்க? நாந்தான் சொன்னன். அந்த பாட்டிலுக்குக் கூட ஒருத்தி சந்தனம் வெச்சி பூச்சரம் சுத்திட்டா.

அப்பறமா அறுத்துப் பாத்த பெரியாஸ்பத்திரி டாக்டரு உங்ககிட்ட சொன்னாராமே, அது வாதம்னு. மூளையில ரத்தம் கட்டி வலது பக்கம் முழுக்க வுழுந்துபோச்சி, பேச்சு போச்சி, மத்தபடி புத்தி தெளிவா இருந்திருக்கும்னு. மொத நாளே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு. அது எனக்கு எப்டித் தெரியும்? நான் இன்னா டாக்டரா? டிப்ளமோவே முடிக்காதவன். ஊரே பாத்துச்சி, நான் மட்டுமா பாத்தன்? மூணு ஊரு! அதுல ஒரு வாத்தியாரு, ஒரு வி.ஏ.ஓ., மெடிக்கல் ஷாப்பு வெச்சிருக்கறவன் ஒருத்தன். அவன் கூட சூடம்தான் காட்னான். அவனப் போயி கேளுங்களேன்.

வந்துட்டோம். தோ, அதான் எடம். அந்தக் கல்லு, துண்டு, வெளக்கு எல்லாம் ஊரு போட்டது. வியாழக்கெழமன்னா கூட்டம் வருது. அவரு போனது சனிக்கெழம விடிகாலையில. ஞாயித்துக்கெழம பேஞ்சிச்சி பாருங்க ஒரு மழ, பதினோரு வருஷம் கழிச்சி எங்க ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போச்சி. இனிமே இவனுங்ககிட்ட எவன் வாயத் தெறக்கறது? தண்ணி குடுக்காம நோன்பக் காப்பாத்துனோம், ஏரி ரொம்புச்சின்றானுங்க. நான் உட்ட கத, நல்லா மொளச்சி, இப்ப காயே காச்சிடுச்சி.

சொல்றன்க்கா. அதுக்குத்தான வந்தோம்.

வெள்ளிக்கெழம சாயங்காலம். வெயிலு எறங்கற நேரம். ஆடு மேய்க்கிற பச்சையம்மா, அவ ஒருத்திதான் அன்னிக்கு பூவு எடுத்துக்கினு வரல. ஓரமா நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தா. உங்கப்பா கையத் தூக்கி கட்டை வெரல வாய்க்குக் காட்னாரு. ஒதடு வெடிச்சி வெள்ளையா இருந்துச்சி. அவ சத்தமா, "அய்ய, அந்த மனுசன் தண்ணி கேக்குதுடா"ன்னா. யாரும் அசையல. அவ கூட்டத்த முட்டித் தள்ளிக்கினு, சொம்புல தண்ணியோட முன்ன வந்துட்டா. ஆட்டுக்கு வெச்சிருந்த தண்ணியோ இன்னாவோ.

பலராமன் அவ கையப் புடிச்சாரு. "ஏம்மா, ஏரி வத்துனா நீயா ரொப்புவ? கத தெரியாதா உனக்கு?" ராமலிங்கம் தாத்தா, "எங்க தாத்தா காலத்துலருந்து இருக்கற மொறைடி"ன்றாரு. அவ, "எந்த மொறையோ, ஆடு நாக்கத் தொங்கப் போட்டாக் கூட நான் பாத்துக்கினு நிக்க மாட்டன்"ன்றா. ஒரே கூச்சல். அப்ப பலராமன் என் பக்கம் திரும்பி, "தணிகை, நீ சொல்லுடா. குடுக்கலாமா, கூடாதா?"ன்னாரு.

சத்தம் நின்னுபோச்சிக்கா. அத்தினி பேரும் என்னப் பாக்கறாங்க. எங்கம்மா பாக்குது. பச்சையம்மா சொம்ப நீட்டிக்கினு பாக்கறா.

உங்கப்பாவும் பாத்தாரு. அதத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல. தலயத் திருப்ப முடியல, கண்ண மட்டும் திருப்பி என்னயே பாத்தாரு. அந்தக் கூட்டத்துல அந்தக் கத பொய்யின்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. அவரு, நானு. அவரால பேச முடியாது.

நான் பொய்யின்னு சொல்லிருந்தன்னா இன்னா ஆவும்? மறுபடி புருடா. அப்பவும் அது தோணுச்சான்னா, தோணல. இல்ல, தோணுச்சி. ஒரு நிமிசம் கூட இல்ல. ஒரு மூச்சு.

"கூடாது"ன்னன்.

சொம்பு பச்சையம்மா கையிலருந்து போச்சி. யாரோ புடுங்குனாங்க, குகை வாசக் கல்லு மேல கொட்டிடுச்சி. வெயிலுக் கல்லு, உடனே காஞ்சிடுச்சி. உங்கப்பா அந்த ஈரத்தப் பாத்துக்கினு இருந்தாரு. அது காஞ்சப்பறம் கையத் தூக்கவே இல்ல.

கேட்டாருக்கா. மூணு வாட்டி. என்கிட்ட ரெண்டு, ஊர்கிட்ட ஒண்ணு.

கீழ வந்து இத எல்லார் முன்னாடியும் சொல்லுவியான்னுதான கேக்கப் போறீங்க? சொல்லிட்டன். பதினாறாம் நாளே டீக்கடையில சொன்னன், "அந்த ஏரிக் கத நான் உட்டதுடா, எந்தச் சாமியாரும் இல்ல, எந்தத் தாயும் இல்ல"ன்னு. வயிறு புடிச்சி சிரிச்சானுங்க. "புருடா மறுபடி ஆரம்பிச்சிட்டான்டா." மறுபடி சொன்னன், பலராமன் அறைஞ்சாரு, "செத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா"ன்னு. போலீசு வந்தப்ப நானும் ஊரோட சேந்து அந்த ஒரே வார்த்தையத்தான் சொன்னன். இப்ப மாத்திச் சொன்னா நம்புவாங்களா? பச்சையம்மா சொன்னா நம்புவாங்க. அவ என்னக் கண்டா ஆட்ட ஓட்டிக்கினு வேற பக்கம் போறா.

இந்தாங்க, உங்கப்பா பாட்டிலு. அந்த மாடத்துலதான் வெச்சிருந்தாங்க, சந்தனத்தோட. நான் நேத்தே எடுத்து கழுவி, துணியத் தொவச்சி, நல்லதா வடிகட்டி ரொப்பி வெச்சிருக்கறன். பையிலதான் இருந்துச்சி. உங்ககிட்ட எப்டிக் குடுக்கறதுன்னு தெரியாமதான் கடை பாட்டில நீட்டிக்கினே வந்தன்.

அக்கா, அங்க உக்காராதீங்க. அந்தப் படுக்கையில வேணாம். இந்தப் பக்கம் வாங்களேன், தூணுகிட்ட காத்து வருது.

திட்டுங்கக்கா. நாலு அறை கூட அறைங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டன். ஏதாவது பேசுங்க. காலையிலருந்து நீங்க ஒரு வாயி குடிக்கல, நான் பாத்துக்கினுதான் வரன். வெயிலு எறங்குது. எறங்கிடுச்சின்னா நீங்களும் எதுவும் தொட மாட்டீங்கல்ல, உங்கப்பா மாரி? அவரு சொல்லிருக்காரு, பொழுது போனா தண்ணி கூட இல்லன்னு.

இன்னும் பொழுது போவல. பாருங்க, அந்த மலைக்கு மேல சூரியன் இன்னும் ஒரு வெரக்கடை இருக்குது.

அக்கா. அப்டி வடக்க பாத்துக்கினு உக்காராதீங்க, எனக்கு பயமா இருக்குது. ஒரு வாயி. ஒரே ஒரு வாயி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஏரி எங்கயும் போவாது.

குடிக்கலாம்க்கா. நான் சொல்றன், குடிக்கலாம்.